விண்டர் டயர் வியாபாரம்: முதல் சீசனுக்கு இறங்குகிறவர்களுக்கு

பனி விழும் ஊரில் டயர் கடை வைத்திருக்கிறீர்கள், அல்லது வைக்கப் போகிறீர்கள். எந்தக் கம்பெனியின் கிளையும் இல்லை, சொந்தக் கடை. இந்த வருடம் விண்டர் டயரும் விற்கலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். சரி. அப்படியென்றால் வேலை தொடங்க வேண்டியது கோடையில். முதல் பனி விழுந்த அன்று வாசலில் கார்கள் வரிசை கட்டும், போன் ஓயாது, கடையில் நிற்க இடம் இருக்காது. அன்றைக்கு உங்களிடம் இருக்கும் சரக்கை விற்கலாம், அவ்வளவுதான். எந்தச் சரக்கு இருக்க வேண்டும் என்பது நான்கைந்து மாதத்துக்கு முன்பே முடிவாகியிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் ஆர்டர் போடுவதற்கும் கணக்கு எழுதி வைப்பதற்கும் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றதெல்லாம் ஒரு சீசன் ஓடினால் தானாகக் கைவந்துவிடும்.

முதலில், விற்கும் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கோடை டயரின் ரப்பர் குளிரில் விறைத்துப் போகும். வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், ரோடு காய்ந்திருந்தாலும் பிடிப்பு குறையத் தொடங்கும் என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. சுவிட்ச் போட்ட மாதிரி 7 டிகிரியில் எதுவும் மாறிவிடாது, டயருக்கு டயர் வேறுபடும். ஆனாலும் வாடிக்கையாளரிடம் சொல்ல வசதியான எண் அது. விண்டர் டயரின் ரப்பர் கலவை குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதோடு அதன் ட்ரெட், அதாவது ரோட்டைத் தொடும் பகுதி, முழுக்கக் கத்தியால் கீறிய மாதிரி மெல்லிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பனியைக் கவ்வுவது இந்த வெட்டுகளின் விளிம்புகள்தான். ஆழமான பள்ளங்களுக்கு வேறு வேலை: பனியை உள்ளே வாங்கி இறுக்கிக்கொள்வது. பனி பனியோடு நன்றாக ஒட்டும். உருண்டை பிடித்து விளையாடிய எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

அடுத்து, டயரின் பக்கவாட்டில் இருக்கும் குறிகள். ‘எம் பிளஸ் எஸ்’ என்று எழுதியிருந்தால், சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற ட்ரெட் அமைப்பு என்று தயாரிப்பாளரே சொல்லிக்கொள்கிறார் என்று அர்த்தம். அதற்குப் பனியில் ஓட்டிப் பார்க்கும் சோதனை தேவையில்லை. வருடம் முழுக்க ஓட்டும் சாதாரண ஆல் சீசன் டயரிலும் அது இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் உள்ள சின்னம். 1999இல் வட அமெரிக்க டயர்த் தயாரிப்பாளர்கள் கொண்டுவந்தது. ஓர் ஒப்பீட்டு டயரை 100 என்று வைத்து, இறுகிய பனியில் குறைந்தது 110 எடுக்கும் டயருக்குத்தான் அந்தச் சின்னம் கிடைக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தச் சோதனை அளப்பது பனியில் இழுத்துக்கொண்டு கிளம்பும் திறனை. கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸில் நிற்குமா, வளைவில் பிடிக்குமா என்பதை அது சொல்லாது. ஆகவே சின்னம் இருக்கிற எல்லா டயரும் ஒரே தரம் என்று நினைத்துவிடாதீர்கள், வாடிக்கையாளரையும் நினைக்க விடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே முதல் டயர் லேபிளிலேயே பனிக்கு ஒரு குறி, ஐஸுக்குத் தனியாக ஒரு குறி என்று வந்துவிட்டது. அங்கே கடை போடுகிறவர்களுக்கு விளக்குகிற வேலை பாதியாகக் குறைகிறது.

விண்டர் டயரிலேயே வகைகள் இருக்கின்றன. ஆணி பதித்த ஸ்டட் டயர் ஐஸில் ராஜா. ஆனால் சத்தம் போடும், ரோட்டைத் தேய்க்கும், பல இடங்களில் தடை. ஜப்பானில் ஸ்டட் டயர் கிளப்பிய ரோட்டுத் தூசியால் மக்கள் அவதிப்பட்டு, 1990இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். ஆணியில்லாமல் ஐஸில் பிடிக்கும் மென்மையான டயர்கள் அங்கே வேகமாக வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிரிட்ஜ்ஸ்டோனின் பிளிஸாக் என்ற அத்தகைய டயர் 1988இல் வந்தது.  இந்த மென்மையான ரகம் ஒன்று. நீண்ட நெடுஞ்சாலை, ஈர ரோடு, எப்போதாவது பனி என்று இருக்கும் இடங்களுக்குக் கொஞ்சம் விறைப்பான விண்டர் டயர் இன்னொரு ரகம். கடைசியாக ஆல் வெதர். வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓட்டலாம், பனிச் சின்னமும் இருக்கும்; சாதாரண ஆல் சீசனில் அந்தச் சின்னம் பெரும்பாலும் இருக்காது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஆல் சீசனையும் ஆல் வெதரையும் வாடிக்கையாளர்கள் குழப்பிக்கொள்வார்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விளக்க வேண்டிவரும், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்

இதில் பொதுவிதி என்று ஒன்றும் கிடையாது. கனடாவிலேயே கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம், மலைச் சின்னம் அல்லது ஸ்டட் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அக்டோபர் 1 தொடங்கி, குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில் மட்டும் கட்டாயம். அங்கே எம் பிளஸ் எஸ் போதும், ட்ரெட் ஆழம் 3.5 மி.மீ. இருக்க வேண்டும். ஆன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் விண்டர் டயர் போட்டவர்களுக்குக் கார் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. ஜெர்மனியில் தேதி கிடையாது, ரோடு குளிர்கால நிலையில் இருந்தால் கட்டாயம். 2024 அக்டோபர் முதல் அங்கே மலைச் சின்னம் உள்ளதுதான் செல்லும். தேதி இல்லாததால் அங்குள்ளவர்கள் ‘ஓ முதல் ஓ வரை’ என்று நினைவு வைத்துக்கொள்கிறார்கள், அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை. அவர்கள் மொழியில் இரண்டுமே ‘ஓ’வில் தொடங்கும். ஆஸ்திரியாவில் குளிர்கால நிலையில் ஓட்ட, ட்ரெட் 4 மி.மீ. இல்லையென்றால் சட்டப்படி அது விண்டர் டயரே இல்லை. ஸ்வீடனில் 3 மி.மீ.

உங்கள் பகுதிக்கு எது பொருந்துமோ அதை அரசுத் தளத்தில் பார்த்து, கவுண்டருக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். வருடா வருடம் ஆகஸ்டில் ஒரு தடவை சரிபாருங்கள். “சட்டப்படி போட்டே ஆகணுமா?” என்று கேட்கும் வாடிக்கையாளருக்குத் தப்பான பதில் சொன்னால், டயர் போனாலும் பரவாயில்லை, பேர் போய்விடும்.

ஆர்டர்: முழு சீசனும் இந்தத் தாளில்தான்

தயாரிப்பாளர்கள் விண்டர் டயரைப் பெரும்பாலும் முன்கூட்டியே வரும் ஆர்டர்களைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். நடு சீசனில் ஓர் அளவு தீர்ந்துவிட்டால் மறுபடி அச்சில் ஏற்றி உங்களுக்காக ஊற்ற மாட்டார்கள். அதனால் வசந்தத்திலும் கோடையிலும் முன்பதிவு வாங்குவார்கள். அப்போது பதிவு செய்கிறவர்களுக்கு விலையில் சலுகை, பணம் கட்டத் தவணை, சில சமயம் இலவச டெலிவரி எல்லாம் கிடைக்கும். சரக்கு இலையுதிர்காலத் தொடக்கத்தில் வந்து, பணம் சீசன் முடிந்து கட்டலாம் என்றால் சின்னக் கடைக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தத் தவணைக்கு ஆசைப்பட்டு அளவுக்கு மீறி எழுதுவதுதான் புதியவர்கள் விழும் முதல் குழி. விற்பனைப் பிரதிநிதி ஒரு அட்டவணையைக் காட்டுவார்: இத்தனை டயருக்கு இவ்வளவு தள்ளுபடி, இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அடுத்த படி. அந்த அடுத்த படிக்காக நீங்கள் சேர்த்த டயர்கள்தான் மார்ச் மாதம் மாடியில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

என் வழக்கம் இது. இந்த சீசனில் 60 செட் போகும் என்று தோன்றினால் 40க்கு மட்டும் முன்பதிவு. மீதியை சீசனில் மொத்த வியாபாரியிடம் அன்றன்றைக்கு எடுத்துக்கொள்வேன். லாபம் கொஞ்சம் குறையும், தூக்கம் வரும். அதற்காக ஒரே மொத்த வியாபாரியை நம்பியும் இருக்காதீர்கள். குறைந்தது இருவரிடம் கணக்குத் தொடங்குங்கள், அதையும் கோடையிலேயே. முதல் பனி நாளில் புதுக் கணக்குத் திறந்துதர யாருக்கும் நேரம் இருக்காது.

எந்த அளவு வாங்குவது? இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு வருடம், புதிதாக வந்த ஒரு கார் மாடல் ரோட்டில் எங்கே பார்த்தாலும் தெரிகிறதே என்று அதன் அளவை வாங்கிக் குவித்தேன். புதுக் கார் வாங்குகிறவர்கள் முதல் விண்டர் செட்டைக் கார் வாங்கிய இடத்திலேயே முடித்துக்கொள்கிறார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. அதில் இரண்டு செட் மூன்றாவது குளிர்காலம் வரை என்னோடு குடித்தனம் நடத்தியது. தனிக் கடைக்கு வருகிற கார்கள் பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு மேல் ஓடியவை. முதல் செட் தேய்ந்திருக்கும், வாரண்டி முடிந்திருக்கும், அவர்கள்தான் உங்கள் ஆட்கள். அதனால் உங்கள் பழைய பில்களைப் புரட்டி, என்னென்ன அளவு டயருக்குப் பஞ்சர் ஒட்டினீர்கள், பேலன்ஸ் செய்தீர்கள் என்று எண்ணுங்கள். கடை புதிது, பில் இல்லை என்றால், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்து வாகன நிறுத்துமிடங்களில் ஒரு மணி நேரம் நடந்து, டயரின் பக்கவாட்டைப் பார்த்து எழுதுங்கள். கேவலமாக ஒன்றும் இல்லை. பத்துப் பன்னிரண்டு அளவுகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றை மட்டும் ஸ்டாக் வையுங்கள்.

எப்போதும் நான்கின் மடங்கில் வாங்குங்கள். விலையில் மூன்று படி போதும்: உயர்ந்தது, நடுத்தரம், மலிவு. ஒவ்வொரு படிக்கும் ஒரு கம்பெனி. ஏழு கம்பெனி டயரை அடுக்கி வைத்தால் கடை நிறைவாகத் தெரியும், ஆனால் வாடிக்கையாளர் கேட்கிற அளவில் எதிலுமே நான்கு இருக்காது.

மிஞ்சிய சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரமும் வருடமும். 3524 என்றால் 2024இன் 35ஆவது வாரம். வாடிக்கையாளர்கள் இப்போது இதைப் பார்க்கத் தெரிந்தவர்கள். போன வருடத்து டயர் கெட்ட டயர் ஆகிவிடாது, நிழலில் சரியாக வைத்திருந்தால் தாராளமாக விற்கலாம். ஆனால் அவர் வீட்டுக்குப் போய்க் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லி, விலையில் கொஞ்சம் இறங்கி, தேதியைப் பில்லிலும் எழுதிவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

டயர் மட்டுமா, ரிம்மோடு சேர்த்தா?

ஒரே ரிம்மில் வருடத்துக்கு இரண்டு தடவை டயரைக் கழற்றி மாட்டினால், ஒவ்வொரு தடவையும் கூலி, டயரின் விளிம்புக்குச் சேதம் வரும் வாய்ப்பு, உங்கள் நேரம் எல்லாம் போகும். தனி ரிம்மோடு கொடுத்தால் மாற்றும் வேலை சட்டென்று முடியும். செலவு அதிகமாகத் தெரிந்தாலும் மூன்று நான்கு குளிர்காலத்தில் வாடிக்கையாளருக்கே மிச்சம். சீசன் நெருக்கடியில் உங்களுக்கும் ஒரு காருக்குப் பதில் மூன்று கார் பார்க்கலாம்.

ரிம் சிறிதாகவும் போகலாம். 225/45, 17 அங்குலம் (அகலம் 225 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம்) போட்ட காருக்கு 205/55, 16 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதன் மொத்த விட்டம் சுமார் 634 மி.மீ., இரண்டாவது 632. ஸ்பீடாமீட்டர் கிட்டத்தட்ட மாறாது. டயரின் பக்கவாட்டு உயரம் கூடுவதால் பனிக்குள் மறைந்திருக்கும் குழியில் விழுந்தாலும் ரிம் தப்பும், டயரும் மலிவு. ஆனால் சின்ன ரிம், உள்ளே பிரேக்கைப் பிடிக்கும் காலிப்பரில் இடிக்காமல் இருக்குமா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கார் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளின் பட்டியலில் அது இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் போல்ட் எண்ணிக்கையும் இடைவெளியும், நடுத் துளையின் விட்டம், ஆஃப்செட் (காரில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது). எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நட்டின் அடிப்பகுதியைப் பார்க்க மறந்துவிடுவார்கள். சில கார்களுக்குக் கூம்பு வடிவம், சிலவற்றுக்குக் குண்டு வடிவம். மாற்றி மாட்டினால் இறுகிய மாதிரி இருக்கும், ஓட ஓடத் தளரும். இதில் விளையாடக் கூடாது.

காற்றழுத்த சென்சார் இன்னொரு தலைவலி. அமெரிக்காவில் 2008 மாடல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும், ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் இந்த எச்சரிக்கை அமைப்பு கட்டாயமானது. சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் சென்சார் இருக்கும், சிலவற்றில் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் கார் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். முதல் வகை என்றால் புது ரிம்முக்குப் புது சென்சார் வேண்டும், அதைக் காருக்கு அறிமுகப்படுத்தும் கருவியும் வேண்டும். ரிம்மோடு விலை சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மாட்டி முடித்தபின் “டாஷ்போர்டில் விளக்கு எரியுதே” என்று அவர் கேட்டு, அப்போது நீங்கள் விலை சொன்னால் ஏமாற்றிய மாதிரிதான் படும்.

கவுண்டரில் என்ன பேசுவது

பெரிய கடைகளோடும் இணையத்தோடும் விலையில் மோதி ஜெயிக்க முடியாது. உங்களிடம் இருப்பது கேட்டுச் சொல்கிற ஐந்து நிமிடம். வாடிக்கையாளர் அளவைச் சொன்னதும் விலையைச் சொல்லாதீர்கள். முதலில் கேளுங்கள்: தினமும் எவ்வளவு தூரம், காலையில் ரோடு சுத்தம் செய்வதற்கு முன்பே கிளம்புகிறவரா, மலைப்பாதையா நெடுஞ்சாலையா, காரை எத்தனை வருடம் வைத்துக்கொள்ள உத்தேசம், கழற்றிய டயரை வைக்க வீட்டில் இடம் இருக்கிறதா. விடியற்காலை நான்கு மணி ஷிப்டுக்குப் போகும் நர்ஸுக்கும், பனி விழுந்தால் வெளியே போகாத ஓய்வு பெற்றவருக்கும் ஒரே டயரை விற்பது நியாயமில்லை. இரண்டாமவருக்கு நல்ல ஆல் வெதர் போதும் என்றால் அதையே சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு செட் குறையும், அவர் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பிவைப்பார்.

கட்டாயம் வரும் கேள்வி: “முன்னாடி இரண்டு மட்டும் போட்டால் போதாதா?” போதாது. முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வழுக்கும், வளைவில் பிரேக் போட்டால் கார் சுழன்றுவிடும். என் கடையில் நான் இரண்டு மட்டும் மாட்டுவதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும். பணம்தான் தடை என்றால் நடுத்தர டயருக்குப் பதில் மலிவு டயர் நான்கைக் கொடுப்பேன்.

அடுத்தது, “எனது நான்கு சக்கரமும் இழுக்கிற கார், எனக்கு எதற்கு?” கிளம்புவதற்கு அது உதவும். நிற்பதற்கு எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது, அங்கே பிடிக்க வேண்டியது டயர்தான். இதைச் சண்டை மாதிரிச் சொல்லாமல், “கிளம்பறது சுலபமா இருக்கறதாலதான் வேகமாப் போயிடுவோம்” என்று சொன்னால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். விபத்துப் படங்களைக் காட்டிப் பயமுறுத்தி விற்பது எனக்குப் பிடிக்காது. அப்படி வாங்கியவர் மனசில் டயரை விடக் கடைக்காரர் மேல்தான் சந்தேகம் மிஞ்சும்.

விலை அதிகம் என்றால் ஓர் எளிய கணக்கு உண்டு. விண்டர் டயர் ஓடும் மாதங்களில் கோடை டயர் தேயாமல் ஓய்வெடுக்கிறது. மாற்றும் கூலியும் ரிம்மும் கூடுதல் செலவுதான், ஆனால் டயருக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி வேறு வழியில் திரும்பி வருகிறது.

பாரம் தாங்கும் எண்ணையும் வேகக் குறியையும் நீங்களே பாருங்கள், வாடிக்கையாளரிடம் விடாதீர்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ, 94 என்றால் 670 கிலோ. காருக்குக் குறித்ததற்குக் கீழே எக்காரணத்தைக் கொண்டும் இறங்கக் கூடாது. மின்சாரக் கார்கள் பேட்டரியால் கனமானவை, அங்கே இன்னும் கவனம். வேகக் குறியில் ‘கியூ’ 160 கி.மீ., ‘டி’ 190, ‘ஹெச்’ 210. விண்டர் டயருக்கு மட்டும் காரின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த குறியைச் சில நாடுகள் அனுமதிக்கின்றன. ஜெர்மனியில் அப்படி மாட்டினால், அந்த வேக வரம்பை ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும்.

இணையத்தில் வாங்கிக்கொண்டு வந்து “மாட்டிக் கொடுங்கள்” என்பவர்களிடம் முகம் சுளிக்காதீர்கள். கூலியை நியாயமாக வாங்கிக்கொண்டு, மாட்டுவதற்கு முன் அளவையும் தேதியையும் அவர் எதிரிலேயே படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் மாட்டாமல் திருப்பிக் கொடுங்கள். அடுத்த தடவை அவர்களில் பலர் உங்களிடமே வாங்குவார்கள்.

மாட்டும் நாள்

அவசரத்தில் விட்டுப்போகிறவற்றை மட்டும் சொல்கிறேன். ரிம்மைக் கழற்றியதும், அது உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். துருப் பொருக்கு ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டால் சக்கரம் நேராக உட்காராது, பேலன்ஸ் எவ்வளவு பார்த்தாலும் ஸ்டியரிங் ஆடும். சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் இரண்டு தடவை பாருங்கள். எதிர்ப்பக்கம் மாட்டி அனுப்பியதை வாடிக்கையாளரே கண்டுபிடித்துத் திரும்பி வருவது போல அவமானம் வேறில்லை. நட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்கி, கடைசி இறுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு. காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு முடிந்தது என்று அனுப்பக் கூடாது. 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்க்க வரச் சொல்லுங்கள், இலவசமாகச் செய்யுங்கள். பில்லில் அதை எழுதி, வாயாலும் சொல்லுங்கள். ஸ்டட் டயர் என்றால், ஆணி உட்காரும் வரை முதல் சில நூறு கி.மீ. மெதுவாக, சடாரென்று பிரேக் போடாமல் ஓட்டச் சொல்ல வேண்டும். ஒரு தடவை ரோட்டில் ஓடிய டயரில் புதிதாக ஸ்டட் அடிக்கக் கூடாது.

காற்றழுத்தத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, நிறையப் பேர் கோட்டை விடுவது. வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தால் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். கடைக்குள் 20 டிகிரி, வெளியே மைனஸ் 15 என்று வையுங்கள். உள்ளே சரியாக அடித்த காற்று, கார் வெளியே ஓர் இரவு நின்றதும் கிட்டத்தட்ட 6 பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும். மறுநாள் காலை எச்சரிக்கை விளக்கு எரியும், உங்கள் போன் அடிக்கும். உள்ளே அடிக்கும்போதே இதைக் கணக்கில் எடுத்துக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், குளிரில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

நேரம் ஒதுக்குவதைப் பற்றி: ரிம்மோடு மாற்றுவதற்கும், டயரைக் கழற்றி மாட்டுவதற்கும் தனித்தனி நேர அளவு வைத்து முன்பதிவு எடுங்கள். ஒவ்வொரு நாளும் இரண்டு இடத்தைக் காலியாக விடுங்கள். நட்டு உடையும், சென்சார் செத்திருக்கும், யாரோ வழியில் பஞ்சராகி வருவார். அந்த இரண்டு இடம்தான் அன்றைய நாளைக் காப்பாற்றும். பழைய வாடிக்கையாளர்களைப் பனிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அழைத்து முடித்துவிட்டால், பனி நாளில் வருகிற புதியவர்களுக்குக் கை காலியாக இருக்கும்.

கழற்றிய டயரை வைத்துக்கொள்வது

இடம் இருந்தால் இதைச் செய்யுங்கள். டயர் உங்களிடம் இருந்தால் வருடத்துக்கு இரண்டு தடவை ஆள் வந்தே ஆக வேண்டும். குளுமையான, இருட்டான, ஈரமில்லாத இடம் வேண்டும். கம்ப்ரஸர் மோட்டார் பக்கத்தில் வைக்காதீர்கள், மின்பொறியில் வரும் ஓசோனால் ரப்பரில் வெடிப்பு விழும். பெட்ரோல், எண்ணெய், கரைப்பான் எதுவும் அண்டக் கூடாது. ரிம்மோடு இருப்பதைப் படுக்க வைத்து அடுக்கலாம் அல்லது மாட்டித் தொங்கவிடலாம். ரிம் இல்லாததை நிறுத்தி வைக்க வேண்டும், தொங்கவிடக் கூடாது. ஒவ்வொரு டயரிலும் சீட்டு: பெயர், கார், முன் இடது, பின் வலது என்று இருந்த இடம். சாக்கட்டியால் எழுதினால் கோடைக்குள் அழிந்துவிடும், அனுபவம். யாரும் எடுக்க வராத டயரை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதையும், தீ விபத்து, திருட்டு என்றால் பொறுப்பு யாருடையது என்பதையும் ரசீதிலேயே எழுதி கையெழுத்து வாங்குங்கள். உங்கள் கடை இன்சூரன்ஸ் பிறர் பொருளுக்கும் பொருந்துமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வசந்தத்தில் ஒரு வேலை

விண்டர் டயரைக் கழற்றும் நாளில் நான்கின் ட்ரெட் ஆழத்தையும் அளந்து, வாடிக்கையாளர் பெயருக்கு நேரே எழுதுங்கள். புது விண்டர் டயர் பெரும்பாலும் 8, 9 மி.மீ.யில் தொடங்கும். பல நாடுகளில் சட்டம் 1.6 மி.மீ. வரை விட்டாலும், 4 மி.மீ.க்குக் கீழே போனால் பனியில் அதன் வேலை முடிந்தது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அளவியை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வாதமே வராது. “இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும்” என்றால் அப்படியே சொல்லுங்கள். தாங்காது என்றால், “இப்போது வாங்க வேண்டாம், ஆகஸ்டில் கூப்பிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு அளவை ஒரு தனிப் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் முடிவில் அந்தப் பட்டியலில் இருபது பெயர் சேர்ந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் அளவு, ஒரு விலைப்படி. அடுத்த மாதம் விற்பனைப் பிரதிநிதி அட்டவணையோடு வந்து உட்காரும்போது, முதலில் அந்த இருபதை எழுதுங்கள்.